மூன்றாவது கை

விண்ணப்பப் படிவத்தில் பன்னிரண்டாவது கேள்விவரை எங்கள் வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், இரத்த வகை எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். பதின்மூன்றாவதுதான் வில்லங்கம். ‘நீங்கள் ஏன் பொறியியல் படிக்க விரும்புகிறீர்கள்? முந்நூறு சொற்களுக்குள் எழுதுக’ என்று கேட்டு, கீழே அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள்.

கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது என்பதை வீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாமாதான் ஆரம்பித்தார். அம்மாவின் தம்பி, பஸ் ஓட்டுகிறவர், சனிக்கிழமை தவறாமல் வந்து உலகத்தைச் சரிசெய்துவிட்டுப் போகிறவர்.

“படிச்சா வேலை கிடைக்கும்னு எழுது. மூணே வார்த்தை. மீதி இருநூத்துத் தொண்ணூத்தேழு வார்த்தை மிச்சம்.”

“அப்படியெல்லாம் எழுதக்கூடாது மாமா,” என்றான் அண்ணன். போன் கடையில் வேலை பார்ப்பதால் உலகத்தில் உள்ள எல்லாப் படிவங்களும் தனக்குத் தெரியும் என்பது அவன் நினைப்பு. எங்கிருந்தோ ஒரு மாதிரிப் பதிலைத் தேடி எடுத்து உரக்கப் படித்தான். ‘சிறு வயதிலிருந்தே நான் என் பொம்மைகளைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வேன்…’

எங்கள் வீட்டில் பிரிக்கும்படியான பொம்மை ஒன்றும் இருந்ததில்லை. ஒரு துணிப் பொம்மை இருந்தது. அதையும் அண்ணன்தான் பிரித்தான். உள்ளே பஞ்சு இருந்தது. அவன் பொறியியல் படிக்கவில்லை.

அம்மா மட்டும் வெந்நீர்ப் பையை இடது தோளில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏன் படிக்கத் தோன்றியது என்று அந்த அறையில் என்னைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா வேலை பார்ப்பது ஒரு சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். துவைப்பது ஒரு பக்கம், காயவைப்பது ஒரு பக்கம், கடைசியில் தேய்க்கும் மெஷின்கள் எட்டு வரிசையாக நிற்கும். ஆஸ்பத்திரிக் கோட்டையோ தலையணை உறையையோ மெத்தை போட்ட பலகையில் விரித்துவிட்டு, பலகையின் இரண்டு பக்கமும் உள்ள பச்சைப் பட்டன்களை ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். அமுக்கினால் கொதிக்கக் கொதிக்க மேல்தட்டு இறங்கும், ஒன்றை விட்டாலும் ஏறிவிடும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே நல்ல தூரம். இரண்டு கையும் அங்கே இருந்தால் எந்தக் கையும் தட்டுக்கு அடியில் இருக்க முடியாது. அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அப்போது எனக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய், துணி மடிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அம்மாவின் ஷிப்ட் முடிந்ததும் சேர்ந்து வீட்டுக்கு வருவோம். அந்த வருடம் அவளுடைய இடது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அந்தக் கையை நீட்டி அமுக்குகிறவளுக்குத் தோள் பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்? ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு நீட்டுவாள். பார்க்கப் பார்க்க எனக்குக் கணக்கு ஓடவில்லை.

மேஜைக்கு அடியில் ஒரு மரத் துணி கிளிப் கிடந்தது. கம்பியைக் கழற்றினேன். இரண்டு பாதியாக வந்தது. இடது பட்டனை உள்ளே அமுக்கி, அதைச் சுற்றியிருந்த இரும்பு வளையத்தில் பாதிக் கிளிப்பைக் குறுக்கே செருகினேன். பட்டன் மேலே வரவில்லை. “இப்ப வலது பக்கத்த மட்டும் அமுக்கிப் பாருங்கம்மா,” என்றேன். தட்டு இறங்கியது. அம்மா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பக்கத்து மெஷினில் நின்றவள் பெரியம்மா. சொந்தமில்லை, அம்மாவைவிட மூத்தவள் என்பதால் பெரியம்மா. எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் குடியிருக்கிறாள். அவள் சிரித்தால் மூன்று மாடிக்குக் கேட்கும். அம்மாவின் பலகையில் துணி மளமளவென்று நகர்வதை எட்டிப் பார்த்தாள்.

“ஏய், உங்கம்மாவுக்கு மட்டும் மூணாவது கை முளைச்சிருக்கு! எனக்கு?”

கிளிப்பின் மறுபாதியை அவளுக்குக் கொடுத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் நாலு கிளிப்பில் எட்டு மெஷினுக்கும் ஆயிற்று. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் என் பெயர் இஞ்சினியர். முதலில் அப்படிக் கூப்பிட்டது பெரியம்மாதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாற்பது நாள் கழித்து, ஒரு கோட்டின் கழுத்துப்பட்டை சுருங்கியிருந்தது என்று பெரியம்மா இடது கையால் அதை நீவினாள். வலது கை பழக்கத்தில் பட்டனை அமுக்கிவிட்டது. தட்டு இறங்கியது. உடனே விட்டாள், உடனே ஏறியது. ஆனால் இடது கையில் நடுவில் இருந்த மூன்று விரல்கள் போயின.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா பார்த்ததைச் சொன்னாள். பெரியம்மா கத்துவதற்கு முன்னால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், வலது கையால் அந்தக் கிளிப்பைப் பிடுங்கி மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாளாம். அதற்கப்புறம்தான் கத்தினாளாம்.

மெஷினைச் சோதிக்க அரசாங்க ஆபீசர் வந்தார். இரண்டு பட்டனையும் அமுக்கிப் பார்த்தார், ஒன்றை மட்டும் அமுக்கிப் பார்த்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. “எப்படிம்மா கை உள்ள போச்சு?” என்று கேட்டதற்கு, “அவசரத்துல முழங்கையால அமுக்கிட்டேன்,” என்று சொல்லியிருக்கிறாள் பெரியம்மா. தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதி, மேனேஜர் அதில் கையெழுத்துப் போட்டார். மற்ற ஏழு பேரும் கிளிப்பைப் பையில் மறைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துக்கொண்டார்கள். மணிக்கு இத்தனை உருப்படி முடிக்க வேண்டும் என்பது மாறவில்லையே! பெரியம்மாவின் இடத்துக்கு வந்த புதுப்பெண்ணுக்கும் யாரோ ஒன்று செய்து கொடுத்தார்கள். அதை நான் செய்யவில்லை. செய்யும் விதம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பெரியம்மா வேலையை விட்டாள். நான் முன்பக்க மாடிப்படியை விட்டேன். அவள் வீட்டு வாசலைத் தாண்டாமல் போக வேண்டுமென்றால் குப்பைத் தொட்டி பக்கமாக இறங்கும் பின்படிதான் வழி. மூன்று வருடம் அதில்தான் ஏறி இறங்கினேன். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே யோசனை. அந்தக் கிளிப்பிடம் ஏமாறாத மெஷினை எப்படிச் செய்வது? நான் ஏன் பொறியியல் படிக்க விரும்புகிறேன் என்ற கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

அதை அப்படியே எழுதினேன். யார் பெயரும் இல்லாமல், எந்தக் கூடம் என்று சொல்லாமல் எழுதினேன். மறுநாள் அம்மா அதைப் படித்துவிட்டாள்.

“இத யாரு படிப்பாங்க?”

“காலேஜ்ல.”

“படிச்சுட்டு யார்கிட்ட சொல்வாங்க?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா எழுதாத. எட்டு பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டுத்தான் நீ படிக்கணுமா?”

“அப்ப பொய் எழுதவா?”

“ஊரே எழுதுது. உங்கண்ணன் குடுத்தது நல்லாத்தானே இருக்கு. பொம்மையப் பிரிச்சேன்னு எழுதிட்டுப் போயேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கிளிப்பை நான் யாருக்காகச் செய்தேன் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா காகிதத்தை என்னிடமே திருப்பித் தந்தாள்.

“கை போனது அவளுக்கு. அவகிட்டப் போய்க் கேளு. அவ சரின்னா எழுது,” என்றாள். நான் போகமாட்டேன் என்ற தைரியத்தில் சொன்னாள். பின்படி விஷயம் அவளுக்குத் தெரியாதா என்ன!

வீம்புக்குத்தான் போனேன். பெரியம்மாவின் கதவு திறந்திருந்தது. ஒரு கண்ணாடி ஜாடியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

“உட்காரு. அதுவே திறக்கும்.” திறந்தது. மூடியை ஓரமாக வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். “யாரு, இஞ்சினியரா? வழி தப்பி வந்துட்டியா?”

காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்க. ‘என் தவறால், என் தவறால்’னு மூணு எடத்துல வருது.”

“என் தப்புதானே பெரியம்மா.”

“உன் தப்புதான். இல்லைன்னு நான் சொல்லல. ஆனா கேட்டு வாங்கினது நான். உங்கம்மாவுக்காவது தோள்வலி. எனக்கு என்ன வலி? அவ என்ன விட வேகமாப் போறாளேன்னு வயித்தெரிச்சல். அத எழுதலையே நீ.”

“அன்னைக்கு அந்தக் கிளிப்ப ஏன் எடுத்தீங்க?”

“அது அங்க கிடந்தா முதல்ல உன்னத்தான் பிடிப்பாங்கன்னு தோணிச்சு. வேற ஒண்ணும் தோணல.”

அழக்கூடாது என்று முடிவுசெய்துகொண்டுதான் போயிருந்தேன். அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டு, “என்ன மன்னிச்சிருங்க பெரியம்மா,” என்றேன்.

“மாட்டேன்.” ஜாடியிலிருந்து ஒரு ஸ்பூன் சர்க்கரையை எடுத்துத் தன் டீயில் போட்டாள். “கை போனத விடு. அது எனக்கும் உனக்கும் பாதிப் பாதி. மூணு வருஷமா இந்த வாசலை நீ எட்டிப் பாக்கல பாரு, அத எதுக்கு மன்னிக்கணும்?”

காகிதத்தைத் திருப்பித் தரும்போது, “எழுது. நல்லா எழுது. இதையும் சேர்த்துக்க. அத்தாம்பெரிய மெஷின ஒரு துணி கிளிப் ஏமாத்துது. செஞ்சவனுக்கு அது தோணவே தோணலையா? அதக் கேளு,” என்றாள். அந்தக் கேள்வியைக் கடைசி வரியாகச் சேர்த்து அனுப்பினேன். அம்மாவிடம், பெரியம்மா சரி என்றுவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டாளே தவிர தடுக்கவில்லை.

ஒரு மாதத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வழுக்கைத் தலைப் பேராசிரியர், கையில் கட்டைப் பென்சில். என் காகிதம் அவர் முன்னால் இருந்தது. பென்சிலை என் பக்கம் உருட்டி, “அந்தக் கிளிப் எங்க உட்காரும்னு வரைஞ்சு காட்டும்மா,” என்றார். வரைந்தேன். “இத எப்படித் தடுப்ப?”

இதற்காகத்தான் மூன்று வருடம் மண்டையைக் குடைந்திருந்தேன். கடகடவென்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தட்டு ஏறியதும் இரண்டு பட்டனும் மேலே வந்ததா என்று மெஷின் பார்க்க வேண்டும், ஒன்று வராவிட்டாலும் அடுத்த தடவை இறங்கக் கூடாது. அதோடு இரண்டு பட்டனையும் கிட்டத்தட்ட ஒரே நொடியில் அமுக்கினால்தான் இறங்க வேண்டும்.

“ரொம்பச் சரி,” என்றார். “ஆனா அது இருக்கும்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. சோப்புக் கட்டி அளவு ஒரு சாமான். உள்ள மாட்டிட்டா உன் கிளிப் செல்லாது.”

எனக்கு வயிறு எரிந்தது. நான் கண்டுபிடித்ததை யாரோ முந்திக்கொண்டார்கள் என்பதற்காக இல்லை. அந்தச் சோப்புக் கட்டி எங்கேயோ ஒரு கடையில் அட்டைப்பெட்டிக்குள் இருந்திருக்கிறது, அந்த நேரத்தில் பெரியம்மா கழுத்துப்பட்டையை நீவியிருக்கிறாள்.

“அப்ப இனிமே நீ எதுக்குப் படிக்கணும்?” பேராசிரியர் கேலியாகக் கேட்கவில்லை.

“அது இருக்குன்னு எங்க கூடத்துல எட்டு பேருக்கும் தெரியாது சார். மெஷின வாங்கினவருக்குத் தெரியுமான்னு தெரியல. சோதிக்க வந்தவருக்காவது தெரிஞ்சிருக்கணும். இருக்கிறது ஏன் எங்ககிட்ட வரலைன்னு எனக்குத் தெரியணும் சார்.”

பக்கத்தில் இருந்த அம்மையார் ஏதோ குறித்துக்கொண்டார். பேராசிரியர் குறிக்கவில்லை. நான் வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மெஷின்கள்ல இன்னைக்கும் கிளிப் இருக்கா?”

“இருக்கு சார்.”

“எத்தனைல?”

“எட்டுலயும்.”

“அப்ப நீ இங்க என்ன பண்ணிட்டிருக்க?” என்றார். குரலை உயர்த்தவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோல் கேட்டார்.

அந்தச் சாமானின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்த ஒரு கேள்விதான். மூன்று வருடமாக மெஷினைப் பற்றி யோசித்தேன், மன்னிப்பைப் பற்றி யோசித்தேன், படிப்பைப் பற்றி யோசித்தேன். அம்மா தினமும் காலையில் அதே பலகையில் கையை வைக்கப் போகிறாள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கி, முன்படியில் நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் பாதியிலேயே எழுந்து அலமாரியைத் திறந்தாள். மருந்து டப்பாவுக்குள்ளிருந்து அந்தப் பாதிக் கிளிப்பை எடுத்தாள். நுனி கருகியிருந்தது.

“உங்கம்மா வாயத் திறக்க முடியாது. மத்தவங்களும் முடியாது. என்னை யாரு வேலைய விட்டுத் தூக்கப்போறாங்க? வா.”

கூடத்தின் வாசலில் அவளைப் பார்த்ததும் செய்தி பறந்திருக்க வேண்டும். நாங்கள் உள்ளே போனபோது எட்டு மெஷினிலும் எட்டு பேரும் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேனேஜர் வந்து, “என்னம்மா, சௌக்கியமா?” என்றார்.

“இருக்கேன் சார். நீங்க கையெழுத்துப் போட்ட அறிக்கைல ஒண்ணு விட்டுப்போச்சு. காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

தன் பழைய மெஷினுக்குப் போனாள். அங்கிருந்த புதுப்பெண் ஒதுங்கி நின்றாள். பெரியம்மா இடது பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிக் கிளிப்பைச் செருகினாள். இரண்டு விரல் மட்டும் மிச்சமிருந்த அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். வலது கையால் மற்ற பட்டனை அமுக்கினாள். தட்டு புஸ்ஸென்று இறங்கியது. கையை இறக்காமல் நாலு தடவை இறக்கி ஏற்றிக் காட்டினாள். ஏழு மெஷினும் நின்றுவிட்டன.

“முழங்கைன்னு நான் சொன்னது பொய் சார். இதுதான் நடந்துச்சு. செஞ்சதும் நான், வெச்சதும் நான். இதத் தடுக்க ஒரு சாமான் இருக்காம், சோப்புக் கட்டி அளவு. இந்தப் பொண்ணு பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கு.”

மேனேஜர் கிளிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கையெழுத்தை நினைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மற்ற ஏழு பேரின் பைகளைச் சோதிக்க அவருக்கு அன்று ஆசை வரவில்லை. சோதித்தால் அந்த அறிக்கையை முதலில் திறக்க வேண்டியவர் அவர்தான். பதினோரு நாளில் எட்டு மெஷினிலும் சோப்புக் கட்டி மாட்டியாயிற்று.

யாரும் எனக்கு மாலை போடவில்லை. கிளிப் செல்லாததால் உருப்படி குறைந்தது. மணிக்கு இத்தனை என்ற கணக்கு மட்டும் குறையவில்லை. இரண்டு பேர் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். இஞ்சினியர் என்ற பெயர் அங்கே இப்போது வசவு. பெரியம்மாவுக்கு அதில் ஏகச் சிரிப்பு, மூன்று மாடிக்கும் கேட்கிறது. இன்னும் மன்னிக்கவில்லை என்று தினமும் ஒரு தடவை சொல்கிறாள். அதைக் கேட்பதற்கு நான் தினமும் போக வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. மாமா அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டி, மூன்று வார்த்தையில் முடிந்திருக்கும் விஷயம் என்றார். அண்ணன் அதைப் படம் எடுத்தான். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

அம்மா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. அவளால் அதைத் தூக்க முடியவில்லை. வெந்நீர்ப் பையை நான்தான் எடுத்து அவள் தோளில் வைத்தேன். கடிதத்தை வலது கையால் பிடித்து நிதானமாகப் படித்து முடித்தாள்.

“சந்தோஷம்,” என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப ரெண்டு கையும் வேணும். விரல் தப்பிச்சுது, சரி. இந்தத் தோளுக்கு என்ன பண்ணப்போற, இஞ்சினியர்?”

அவள் சிரிக்கவில்லை. தெரியாதும்மா என்று சொன்னேன்.